திவான் நாற்காலியும் துணைவேந்தர் நாற்காலியும்



ஸர் சி. பி. ராமசாமி ஐயர் பெரிய மேதை என்று எழுதுகிறார்கள். அதை நான் மறுக்க வரவில்லை. அந்த மேதை யாருக்கு வேலை செய்தது? இதுதான் நம் கேள்வி.

1923 முதல் 1928 வரை அவர் சென்னை கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட மெம்பர். பைக்காரா மின்சாரத்துக்கும் மேட்டூர் அணைக்கும் அப்போது பாடுபட்டார். கோவை மில்கள் அந்த மின்சாரத்தில் ஓடின. தஞ்சை வயலில் அந்தத் தண்ணீர் பாய்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் மின்சாரம் முதலாளியின் லாபத்தைத் தானாக ஏற்றியது. கூலியை ஏற்றத் தொழிலாளி சங்கம் கட்டிப் போராட வேண்டியிருந்தது.

1936-ல் திருவிதாங்கூர் திவானானார். அடுத்த மாதமே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1937-ல் பல்கலைக்கழகம் பிறந்தது; அதன் துணைவேந்தரும் அவரே. போலீசும் கஜானாவும் கல்விச்சாலையும் ஒரே கையில்! அந்தக் கையை யார் தட்டிக் கேட்பது?

ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளியும் சேர்த்தலை வயல் கூலியும் கேட்டார்கள். மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்றார்கள். திவானோ, சட்டசபையால் அகற்ற முடியாத நிர்வாகத்தை "அமெரிக்கன் மாடல்" என்று நீட்டினார். 1946 அக்டோபர் 24-ல் புன்னப்பிரா போலீஸ் முகாமில் மோதல். இரு பக்கமும் உயிர் போயிற்று. மறுநாள் ராணுவச் சட்டம். 27-ல் வயலாரில் துப்பாக்கிப் பிரயோகம். தொழிலாளியின் கையில் இருந்தது சீவிய கமுக ஈட்டி. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கில்லை. பல்கலைக்கழகம் கண்ட ராஜ்யத்தில், கூலிக்காரன் பிணத்தை எண்ண ஆளில்லை!

1947 ஜூனில், திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25-ல் திருவனந்தபுரத்தில் வெட்டுப்பட்டார். சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு இணையச் சம்மதித்தார். ஆகஸ்டில் திவான் பதவி விலகினார்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 1954 முதல் 1956 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அந்த நாற்காலி. பிறகு தேசிய ஒருமைப்பாட்டுக் கமிட்டியின் தலைவர்! அதன் சிபாரிசின் பேரில் 1963-ல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒற்றுமைக்குப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றது அது. தனி நாடு கேட்ட திவானுக்கு, பிரிவினையைத் தடுக்கும் கமிட்டியில் தலைமைப் பீடம். 1966-ல் லண்டனில் காலமானார்.

தோழர்களே, வெள்ளைக்காரக் கவர்னர் நாற்காலி கொடுத்தார். மகாராஜா கொடுத்தார். சுதந்திர சர்க்காரும் கொடுத்தது. வயலார்க்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

இன்று நம் பிள்ளைகளும் கல்லூரிப் படியேறுகிறார்கள். அங்கே தலைமையில் அமர்பவரின் பட்டங்களை மட்டும் எண்ணாதீர்கள். அவரை அமர்த்தியது யார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கேளுங்கள். சங்கத்தில் கேளுங்கள், ஊர்க்கூட்டத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்!