பந்தயக் கார் செய்கிற குழுவில் தலைமை
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



தலைமை பற்றிப் பேசச் சொன்னீர்கள். இன்றைக்கு இங்கிலாந்தில் பந்தயக் கார் செய்கிற குழுவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1981-ல் மெக்லாரன் நிறுவனத்தில் ஜான் பர்னார்ட் என்பவர் தலைமையில் எம்.பி.4/1 என்ற காரைச் செய்தார்கள். ஓட்டுநர் உட்காருகிற கூட்டை அலுமினியத்துக்குப் பதிலாகக் கார்பன் இழையில் செய்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் கார் அதுதான். அடிபட்டால் தூள்தூளாகிவிடும் என்று பலர் பயந்தார்கள். அதே வருடம் இத்தாலியில், மொன்சாவில், ஜான் வாட்சன் ஓட்டிய அந்தக் கார் தடுப்பில் மோதி இன்ஜினே பிய்ந்து போனது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கூடு தாங்குமா என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் ஸ்ட்ரெஸ் இன்ஜினியர்கள். கார்பன் இழை பார்க்கத் துணி மாதிரி இருக்கும். இழை ஓடுகிற பக்கம் இழுத்தால் அதே எடை இரும்பைவிடப் பலம், குறுக்கே பலமில்லை. ஆகவே எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் என்று இவர்கள் எழுதிக் கொடுக்க, பட்டறையில் கையால் ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். பிறகு ராட்சச குக்கர் மாதிரி ஒன்றில் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைக்கிறார்கள்.

தலைவருக்குச் சிரமம் இங்கேதான். அலுமினியம் அடிபட்டால் நெளிந்து காட்டிவிடும். இதில் உள்ளே அடுக்கு பிரிந்திருந்தாலும் மேலே பளபளப்பாகவே இருக்கலாம். நாம் மண்சட்டி வாங்கும்போது தட்டி ஓசை கேட்கிறோமில்லையா, அவர்களும் அப்படித் தட்டிப் பார்ப்பதுண்டு. அல்ட்ராசவுண்ட் கருவியும் உண்டு. ஆனாலும் அதற்கு முன்னாலேயே, "ஒரு அடுக்கைத் திசை மாத்தி வச்சுட்டேன்" என்று சொல்ல ஒருவருக்கு வாய் வரவேண்டும். களத்தில் நாங்களும் பார்க்கிறோமே! தீர்மான நோட்டில் தப்பு விழுந்தால், திட்டுகிற ஊக்குநரிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

இன்னொரு பக்கம் நெருக்கடி வேறு. எடை குறைந்தால் வேகம் கூடும். "ரெண்டு அடுக்கை எடு, அடுத்த பந்தயத்துக்குள்ள கொடு" என்பார்கள். எவ்வளவு அவசரமானாலும் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். சின்னப் பிள்ளை போட்ட கணக்கென்றாலும், அது சரியாக இருந்தால் தலைவர் அவருக்காக நின்று "முடியாது" என்று சொல்ல வேண்டும். கெட்ட பெயர்தான் வரும். எங்களுக்கு அந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது.

2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமைன் குரோஜான் ஓட்டிய கார் தடுப்பைத் துளைத்து, இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. தலைக்கு மேலிருந்த டைட்டானியம் வளையமும் கார்பன் கூடும் தாங்கின. அரை நிமிடம் போலத் தீக்குள் இருந்தவர், கைகளில் தீக்காயத்தோடு தானே வெளியே ஏறி வந்தார்.