கிணறு கேட்கும் கணக்கு



ஆம்பூரிலே தைத்த காலணி அயல்நாட்டார் கால்களை அழகு செய்கிறது. தைத்த தங்கையோ காலிக் குடத்துடன் தெருவிலே நிற்கிறாள், தண்ணீர் வண்டியை எதிர்பார்த்து!

கிணறு வற்றிவிட்டதா? இல்லை, கரித்துவிட்டது! ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாயிற்று; உப்பும் குரோமியமும் சுமந்து அது பாலாற்று மணலிலே இறங்கிற்று. தோல் வட்டாரத்தில் பாழ்பட்ட நிலம் ஏறத்தாழ 35,000 எக்டேர் என உச்சநீதிமன்றம் 1996இல் தன் தீர்ப்பிலேயே குறித்தது. கெடுத்தவனே ஈடு தரவேண்டும் என்றது. 2025 சனவரியிலும் அம்மன்றமே அதை மீண்டும் சொல்ல நேர்ந்தது. இடையே உருண்டோடியவை இருபத்தெட்டு ஆண்டுகள்!

“ஆலையை மூடினால் அடுப்பு எரியுமா?” என்பர். மூடச் சொல்லவில்லை நாம், அளவு கேட்கிறோம். சுத்திகரித்த நீரிலும் கரைந்த உப்பு எளிதில் அகல்வதில்லை. அகற்றவல்ல உப்பு எவ்வளவோ, அவ்வளவே பதனிடும் தோலுக்கும் எல்லை! கூலியும் குடிநீரும் ஒரே குடிசைக்குத்தானே வேண்டும்? ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிப்பது வளர்ச்சியா?

நாளை வாக்குக் கேட்டு நாம் வாசலிலே நிற்கையில், அவ்வீட்டார் தம் கிணற்று நீரை ஒரு குவளை நீட்டினால், தயங்காமல் பருகுவோமா? பருகும் நாள் வரும்வரை, நம் பணி முடியவில்லை!