கைமாறி வந்த பாட்டு



கார்லோஸ் சந்தானா 1947-இல் மெக்சிகோவில் பிறந்தவர். தந்தை பிடில் வாசித்துப் பிழைத்தார். மகனோ அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஓட்டலில் பாத்திரம் கழுவினார்; பிறகு கித்தார் வாசித்து உலகப் புகழ் பெற்றார்.

அந்தப் புகழ் தனி ஒருவரின் சொத்தா? இல்லை. 1969-இல் அவர் குழு வாசித்த ‘ஜிங்கோ’, நைஜீரிய மேளக்காரர் ஒலாதுஞ்சி தந்தது. 1970-இல் வாசித்த ‘ஓயே கோமோ வா’, நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ குடும்பத்தில் பிறந்த டிட்டோ புவெந்தே இயற்றியது. 1989-இல் சந்தானாவோடு சேர்ந்து ‘தி ஹீலர்’ பாடிய ஜான் லீ ஹூக்கர் யார்? மிசிசிப்பியில் வாரச் சாகுபடிக்காரரின் மகன். போர்டு மோட்டார் ஆலையில் கூட்டிப் பெருக்கிய கறுப்பினத் தொழிலாளி!

ஒருவர் நூற்க, மற்றவர் நெய்கிறார். பாட்டும் அப்படியே. ஆடையைப் போற்றும்போது நூற்றவரை மறக்கலாமா? கித்தாரைக் கேட்டு மகிழ்வோம். பாட்டை ஆக்கியவர் பெயரையும் சேர்த்தே சொல்வோம்!