நீலச் சோள மாவும் நம் சுண்ணாம்புச் செப்பும்



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், மாரி மழை தொடங்கியதும் சேனைகளில் சோளன் விதைப்பர். தை, மாசி மாதங்களில் கதிர் முற்றிவிடும். இளங்கதிரை அவித்தோ, தணலில் வாட்டியோ உண்பது நம்மவர் வழக்கம். ஆயின், முற்றிய மணியின் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கே விலையாகிறது. அம்மணியை மாவாக்கி அடுக்களையில் ஆளும் முறைகளை, அப்பயிரின் தாயகத்தாரிடமிருந்து நாம் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

தமிழ்நாட்டார் மக்காச்சோளம் என்று கூறுவதையே நாம் சோளன் என்கிறோம். ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், மெக்சிகோ நாட்டில் ஒருவகைக் காட்டுப் புல்லிலிருந்து மனிதர் இதனைப் பண்படுத்தி வளர்த்தனர். 1492 ஆம் ஆண்டில் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே இது கடல்கடந்து பிற கண்டங்களுக்குச் சென்றது. நமக்குப் பழக்கமானது மஞ்சள் மணி. தாயகத்திலோ வெள்ளை, சிவப்பு, கருமை, நீலம் எனப் பல நிறங்கள் உண்டு. அவற்றுள் நீலச் சோளத்தையே அங்குள்ள பழங்குடியினர் பலர் சிறப்பாகப் போற்றுகின்றனர்.

அந்த நீலம் மணியின் நடுவிலுள்ள மாப்பகுதியில் இல்லை. மேல்தோலின் கீழுள்ள மெல்லிய படையில் இருக்கிறது. அந்நிறப் பொருளை அந்தோசயனின் என்பர். நம் நாவற்பழத்துக்கு நிறந்தருவதும் அவ்வினப் பொருளே. புளிப்புப் பட்டால் அது செந்நிறம் பெறும். சாம்பல், சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் சேர்ந்தால் நீலமாகும். எனவே, நீலச் சோள மாவை நம் மட்டக்களப்பு எருமைத் தயிர் விட்டுப் பிசைந்தால் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம் தோன்றும். அப்பச்சோடா சேர்த்தால் மீண்டும் நீலத்தை நோக்கித் திரும்பும். சமைப்பவர் இதனை அறிந்திருந்தால், பண்டம் நிறம் மாறியது கண்டு கெட்டுவிட்டதென்று அஞ்சமாட்டார்.

அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் வாழும் ஹோப்பி மக்கள், நீலச் சோள மாவுடன் செடிச் சாம்பலைச் சேர்த்து நீராகக் கரைத்து, சுடு கல்லின்மேல் வெறுங்கையால் மெல்லியதாகத் தடவி, கடதாசி போன்ற அப்பமாகச் சுடுவர். பிக்கி என்பது அதன் பெயர். நியூ மெக்சிகோவில் இம்மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பருகுவர். மெக்சிகோவில் தோர்த்தியா என்னும் ரொட்டியாகத் தட்டுவர்.

கேக், பணிஸ் முதலியவற்றிலும் இம்மாவைச் சேர்க்கலாம். ஆனால், கோதுமையிலுள்ள பசைத்தன்மை சோளத்தில் இல்லை. சோள மாவை மட்டும் கொண்டு செய்தால் பண்டம் உப்பாது; உதிர்ந்துபோகும். ஆதலின் ஒரு பங்கு சோள மாவுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கோதுமை மாவும், முட்டையும் சேர்ப்பர். மா கரகரப்பாயிருந்தால் வெதுவெதுப்பான பாலில் சிறிது நேரம் ஊறவைத்தல் நன்று. நம் வீட்டில் பிட்டு அவிக்க அரிசி மாவுடன் சரிபாதி சேர்த்துக் குழைக்கலாம். தேங்காய்ப் பூவுடன் கொதிநீர் விட்டுப் பிசைந்து ரொட்டி சுடலாம். இவற்றுக்கு நீல மணிதான் வேண்டுமென்பதில்லை. நம் சேனை மஞ்சள் மணியும் போதும்.

நேயர்களே, நிறத்தினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தாயகத்தார் சோளத்தை வெறும் நீரில் அவிப்பதில்லை. சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ அவிப்பர். சோளத்திலுள்ள நயாசின் என்னும் உயிர்ச்சத்து, உடல் ஏற்காத வண்ணம் கட்டுண்டிருக்கிறது. சுண்ணாம்பு அக்கட்டை அவிழ்க்கிறது. ஐரோப்பியர் வித்தைக் கப்பலேற்றினர். அதைச் சமைக்கும் வித்தையோ கரையிலேயே நின்றுவிட்டது. விளைவு கொடிதாயிற்று. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கழன்றது, சித்தமும் கலங்கியது. பெல்லாக்ரா எனப்படும் அந்நோயை 1735 இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் கசல் கண்டு குறித்தார். 1937 இல் கொன்ராட் எல்வெஜெம் என்பவர், நாய்களுக்கு வரும் அதையொத்த நோயை நயாசின் தீர்க்கும் என்று காட்டிய பின்னரே மருந்து தெளிவாயிற்று. சோறும் மீனும் பருப்பும் உண்போர் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. சோளத்தையே பேருணவாகக் கொள்வோர் மறத்தலாகாது.

முறை எளிது. ஒரு கிலோ முற்றிய மணிக்கு மூன்று லீற்றர் நீரும், உண்ணத்தக்க தூய நீற்றிய சுண்ணாம்பு பத்துக் கிராமும் எடுத்துக்கொள்க. முக்கால் மணி நேரம் மெல்லெரிவில் அவித்து, இரவு முழுதும் அந்நீரிலேயே ஊறவிடுக. காலையில் நாலைந்து முறை நன்கு கழுவித் தோலைத் தேய்த்து நீக்கி அரைத்துக்கொள்க. மண்பானையோ எவர்சில்வர்ப் பாத்திரமோ ஏற்றது. அலுமினியம் சுண்ணாம்பில் அரிபடும். நீறாத சுண்ணாம்பையும், வாசனை கலந்த வெற்றிலைச் சுண்ணாம்பையும் தவிர்க்க.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஈரம் உலராத மணியில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாரொக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும். அவித்தாலும் முற்றாக நீங்காது. ஆகவே நன்கு காயவைத்தே சேமிக்க வேண்டும். பூஞ்சணம் கண்ட மணியை ஆட்களுக்கும் கோழிகளுக்கும் கொடாது விலக்கிவிடவேண்டும்.

கடலோர மக்களாகிய நாம் சிப்பி ஓட்டைச் சுட்டு நீற்றிச் சுண்ணாம்பு செய்யும் கலையை நெடுங்காலமாக அறிவோம். அச்சுண்ணாம்பு இதுவரை வெற்றிலைத் தட்டத்தில் இருந்தது. அதனை அடுக்களைக்கும் அழைத்தால், சேனைக்காரர் விளைவித்த மணி தீவன மூட்டையோடு மட்டும் போகாது, நம் பிள்ளைகளின் உணவாகவும் ஆகும்.