நாய்க்கும் உண்டு எல்லை

காரக்கோணத்தில் காரில் ஏறினால் சற்று நேரத்தில் கேரளம் முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது விழுந்த கோடு அது. பின்சீட்டில் சன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு வரும் நாயிடம் அங்கே யாரும் சீட்டு கேட்பதில்லை. அதே நாயோடு காரிலேயே ஐரோப்பா வரை போக நினைத்தால், குறைந்தது நான்கு மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப், அடுத்து ரேபிஸ் தடுப்பூசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுத்த பிறகும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

'வருஷா வருஷம் ஊசி போடுகிறோமே, இதென்ன வீண் அலைச்சல்?' என்று கேட்கலாம். ஊசி போட்டது வேறு, அது உடம்பில் பிடித்தது வேறு. மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் ஊசி பிடித்ததாகக் கணக்கு. ஊசிக்கு முன்பே கிருமி புகுந்திருந்தாலும், பெரும்பாலும் இந்த மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும். அறிகுறி தோன்றிவிட்டால் நாயும் பிழைக்காது, கடிபட்ட மனிதரும் அநேகமாகப் பிழைப்பதில்லை. அந்த அபாயத்துக்கு முன்னால் மூன்று மாதம் பெரிதல்ல. ஆகவே, வரைபடத்தை விரிக்கும் முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.