வரப்போரத்துத் தும்பை
(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் விளைச்சலுக்கே பூவின் பேர் வைத்த நாடு நம் நாஞ்சில் நாடு. அந்த வயல் வரப்பில் யாரும் விதைக்காமல் முளைக்கிற ஒரு பூவைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். தும்பைதான்!

மழை கண்டால் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, ஒரு வருஷத்துக்குள் காய்ந்துபோகும் செடி இது. துளசியின் குடும்பம், தண்டைத் தொட்டுப் பாருங்கள், நாலு பட்டையாக இருக்கும். வேட்டி வெளுப்புக்கு உவமை சொல்ல இன்றும் இந்தப் பூவைத்தானே தேடுகிறோம்? நேருக்கு நேர் நின்று பொரும் போரைத் தொல்காப்பியம் தும்பைத் திணை என்கிறது. 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் ஓணத்து அத்தப்பூவில் தும்பைக்குள்ள இடம் போகவில்லை. 1963 நவம்பர் 21-இல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா, இந்தச் செடியால் பேர் பெற்ற ஊர் என்பார்கள்.

எங்க ஆச்சிமார் தடிமன் பிடித்தால் தும்பை இலையைக் கொதிக்க வைத்து, "போர்வையை மூடிக்கிட்டு ஆவி பிடி மக்களே" என்பார்கள். இளம் இலை கறிக்கு ஆகும். காய்ந்த செடியைப் புகை போட்டுக் கொசு விரட்டுவார்கள். பூ சிவனுக்கு.

பாம்புக் கடிக்கும் தும்பைச் சாறு கொடுக்கும் வழக்கம் உண்டு. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அதை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலின் விஷத்துக்கும் முறிவு மருந்து ஊசி ஒன்றுதான். கடிபட்டவரை நடக்க விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆச்சி சொன்னதெல்லாம் சரியென்பதும் தப்பு, எல்லாம் மூடநம்பிக்கை என்பதும் தப்பு. பிரித்துப் பார்க்கத்தானே இங்கே படித்தோம்?

வயல் தென்னந்தோப்பாயிற்று, மனையாயிற்று. மிச்ச வரப்பிலும் களைக்கொல்லி அடிக்கிறோம். விதை விழுமுன் செடி கருகினால் அடுத்த வருஷம் அங்கே தும்பை ஏது? ஓணத்துக்குப் பூ தேடும் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவோம்?

தாவரவியல் படிக்கும் தம்பி தங்கைகளே, அவரவர் ஊரில் தும்பை நிற்கும் இடங்களைக் குறித்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பயன்களைக் கேட்டு எழுதுங்கள். கல்லூரி மதிலோரம் ஒரு சென்ட் நிலத்தையாவது செத்தாமல் விடும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம், விட்டுவைத்தால் போதும்.