கேபிள் தெருவில் நின்றவர்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்திலே பெரியவர் ஒருவர் எழுந்து, "அயலார் தெருவில் நேரும் வழக்கில் நம் சங்கத்துக்கு யாது வேலை?" என்று வினவினார். அன்று விடை கூற எனக்கு நா எழவில்லை. வினா எளிதன்று, தன் மக்களைக் காத்தற்பொருட்டன்றோ ஒரு சங்கம் கூடுகின்றது? ஆதலின் இலண்டன் மாநகரின் கீழைப் பகுதியில் 1936-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நிகழ்ந்த செய்தியொன்றை இன்று எடுத்துக்கொண்டேன்.

அப்பகுதி அந்நாளில் ஏழைகளின் உறைவிடம். ருஷ்யப் பேரரசின் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்களும் அவர்தம் மக்களும் ஆங்கு நெருங்கி வாழ்ந்தனர். தையலே பலர்க்குப் பிழைப்பு. அடுத்த தெருக்களில், தேம்ஸ் நதித் துறைகளில் மூட்டை சுமக்கும் ஐரிஷ் கத்தோலிக்கர் வாழ்ந்தனர். இரு சாராரும் சமயத்தால் வேறு, தொழிலால் வேறு. ஒருவரையொருவர் பெரிதும் நேசித்தனர் என்றும் கூறுதற்கில்லை.

ஆஸ்வால்டு மோஸ்லி என்பார் 1932-இல் பாசிஸ்டுக் கட்சியொன்றை நிறுவினார். முஸோலினியைப் பின்பற்றித் தம் தொண்டர்க்குக் கருஞ்சட்டை அணிவித்தார். நாட்டின் துன்பத்துக்கெல்லாம் யூதரே காரணர் எனப் பழி தூற்றி, யூதர் வாழும் வீதிகளின் வழியே அணிவகுத்துச் செல்வதாக அறிவித்தார். அதனைத் தடுக்குமாறு மக்கள் ஏறக்குறைய ஒரு லக்ஷம் கையொப்பங்களுடன் உள்நாட்டு மந்திரிக்கு விண்ணப்பம் செய்தனர். சர்க்கார் தடுக்கவில்லை.

இனித்தான் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம். யூத சமூகத்தின் பெருஞ்சபையார், "வீட்டினுள்ளேயே இருங்கள், வீதிக்குச் செல்லாதீர்கள்" என்று தம்மவர்க்கு அறிவுரை கூறினர். தொழிற்கட்சித் தலைவருள் ஒருவரான ஜார்ஜ் லான்ஸ்பரியும் அவ்வாறே கூறினார். கம்யூனிஸ்டுகளோ அதே நாளில் ஸ்பெயின் தேசத்தின் பொருட்டு டிரபால்கர் சதுக்கத்தில் கூட்டம் வைத்திருந்தனர். கடைசி நேரத்திலேதான் மனம் மாறினர். சபையாரைக் கோழைகள் என யான் கூறேன். தெருவில் ஒரு கல் வீழ்ந்தால் பழி முழுதும் தம் குழந்தைகள் தலைமேல் வீழும் என்று சிறு தொகையினர் அஞ்சுதல் இயல்பே. அச்சபையில் யானும் ஓர் உறுப்பினனாய் இருந்திருப்பின் அவ்வறிவுரைக்கே கை தூக்கியிருப்பேனோ என்று ஐயுறுகின்றேன்.

ஆயின் மக்கள் கேட்டிலர். ஒரு லக்ஷத்துக்குக் குறையாதவர் திரண்டனர் என்பர். ஆல்கேட் என்னும் முச்சந்தியில் டிராம் வண்டி ஓட்டுநர் ஒருவர் வண்டியை வழிநடுவே நிறுத்திவிட்டு இறங்கிச் சென்றார். குதிரைப் போலீசார் பன்முறை முயன்றும் வழி பிறக்கவில்லை. ஆகவே அதிகாரிகள் தெற்கேயுள்ள கேபிள் தெருவைத் தேர்ந்தனர். அது குறுகிய தெரு, துறைமுகத்தை ஒட்டியது. அங்கே ஒரு லாரியைக் கவிழ்த்து, மரக்கட்டைகளையும் நாற்காலிகளையும் அடுக்கி அரண் எழுப்பினர். ஐரிஷ் சுமையாட்கள் வந்து தெருக்கற்களைப் பெயர்த்துக் கொடுத்தனர். குதிரைகளின் குளம்படியில் கோலிக்குண்டுகள் உருண்டன. பெண்டிர் மேன்மாடச் சாளரங்களினின்றும் அழுகிய காய்கறிகளையும், சபையில் சொல்லத் தகாத பிற பொருள்களையும் போலீசார் தலையில் கொட்டினர். (தாய்மார்கள் நகைப்பது கேட்கின்றது.)

ஒன்று மறத்தலாகாது: அன்று கைகலந்தது பெரும்பாலும் போலீசாரோடேயன்றிக் கருஞ்சட்டையாரோடு அன்று. ஏறத்தாழ 150 பேர் சிறைப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் தடுத்து நின்றவர்களே. முடிவில் போலீஸ் தலைவர் பிலிப் கேம், மோஸ்லியை மேற்கு நோக்கித் திரும்புமாறு ஆணையிட்டார். அவரும் திரும்பினார்.

சுமையாட்கள் ஏன் வந்தனர்? காரணம் பல கூறுவர். எனக்கு உவப்பானது ஒன்று. 1912-இல் துறைமுகத் தொழிலாளர் நீண்ட வேலைநிறுத்தத்தால் பட்டினியுற்றபோது, தாமும் அப்பொழுதே வேலைநிறுத்தம் முடித்து வறியராயிருந்த யூதத் தையற்காரர், அவர்தம் குழந்தைகள் முந்நூற்றுவர்க்குமேல் தம் இல்லங்களுக்கு அழைத்து உணவூட்டினர். அக்குழந்தைகட்கு 1936-இல் முப்பதை ஒட்டிய வயது.

எல்லாம் இனிதே முடிந்தது எனக் கூறேன். மறு ஞாயிறன்றே மைல் எண்டு சாலையில் யூதர் கடைகள் உடைக்கப்பட்டன. 1937 மார்ச்சுத் தேர்தலில் பாசிஸ்டுகள் ஓரிடமும் பெறாவிடினும், சில வட்டாரங்களில் ஐந்திலொரு பங்கு வாக்குப் பெற்றனர். 1936-ஆம் ஆண்டிறுதியில் இயற்றிய சட்டம் அரசியற் சீருடையை விலக்கியது. ஊர்வலங்களைத் தடுக்கும் அதிகாரத்தையும் போலீசார்க்கு ஈந்தது. அவ்வதிகாரம் எவர்மேல் பாயும் என்பது அவ்வக்காலத்து அதிகாரியைப் பொறுத்தது.

கேபிள் தெருவில் பழைய நகர மண்டபத்தின் சுவரிலே இப்போரைத் தீட்டிய பெரிய ஓவியம் 1983-இல் நிறைவுற்றது. பகைவர் பன்முறை அதனைச் சிதைத்தனர், பன்முறை புதுப்பித்தனர். யூதர் பலர் வேறிடம் பெயர்ந்துவிட, அப்பகுதியில் வங்காள முஸ்லிம்கள் குடியேறினர். 1978 மே 4-ஆம் நாள் மாலை அல்தாப் அலி என்னும் வங்காள இளைஞர் அங்கே இனவெறியரால் கொல்லப்பட்டார். பத்து நாட்களுக்குப்பின் ஆயிரக்கணக்கானோர் அவர் சவப்பெட்டியின் பின்னே பிரதம மந்திரியின் இல்லம்வரை நடந்தனர். அவரும் ஓர் ஆடைத் தொழிலாளியே.

பெரியவர் இன்றும் வந்திருக்கின்றார். அவர் மறுமொழி கூற விரும்பின் அக்கிராசனர் இடமளிக்க வேண்டுகின்றேன்.